ஒன்பதாவது தையல்

ஹஃபீஸாவுக்குக் காது முதுகில் இருக்கிறது என்று தையல் கூடத்துப் பெண்கள் சொல்வார்கள். சன்னலைப் பார்த்து நின்றுகொண்டு, பின்னால் ஓடும் மிஷின்களில் எதில் நூல் அறுந்தது, எதில் ஊசி மழுங்கியது என்று திரும்பாமலே சொல்லிவிடுவாள். “ரெண்டாவது வரிசையில யாரு? ஊசிய மாத்து புள்ள. தைக்கல அது, இடிக்குது” என்பாள். எழுந்து போய்ப் பார்த்தால் அப்படித்தான் இருக்கும்.

அந்தக் காதில் இப்போது ஒரு சத்தம் கூடுதலாக விழுந்தது.

திருமலைராயன்பட்டினத்தைத் தாண்டி வாஞ்சூர் போகிற சாலையில், கடல்காற்று நேராக வந்து மோதுகிற தகரக் கூரைக் கட்டடம் அது. கடலுக்குப் போகிறவர்கள் போட்டுக்கொள்ளும் மிதவைச் சட்டைகள் அங்கே தயாராயின. ‘கண்ணும் கையும் ஒன்றாக வேலை செய்யும் பெண்கள் தேவை. அவசரக்காரர்கள் வேண்டாம்’ என்று வாசலில் பலகை தொங்கியது. உள்ளே எல்லோரும் அந்தச் சட்டையை ஜாக்கெட் என்றே சொன்னார்கள். ஜாக்கெட் கம்பெனிக்குப் போகிறேன் என்று தெருவில் சொல்லப்போக, பக்கத்து வீட்டு அம்மாள் அளவு ரவிக்கையும் துணியுமாக வந்து நின்ற கதை அங்கே ஒவ்வொருத்தியிடமும் ஒன்று இருந்தது.

ஒரு ஜாக்கெட்டுக்கு இரண்டு தோள் நாடா. நாடாவின் நுனி துணியோடு சேருகிற இடம்தான் உயிர்நிலை. சாதாரணத் தையல் அங்கே நிற்காது. அதற்கென்று பார்டாக் என்று ஒரு மிஷின் உண்டு. மிதித்தால் ஒரே இடத்தில் ஊசியை நெருக்கி நெருக்கி ஓட்டி, விரல்கடை அகலத்தில் ஒரு கெட்டித் தையல் போட்டுவிட்டு நிற்கும். ‘டர்ர்’ என்று ஒரு சத்தம், ஒரு தையல். நுனிக்கு இரண்டு என்று நாலு நுனிக்கும் சேர்த்து எட்டு. எட்டாவது டர்ர் கேட்டதும், தைத்ததைச் சரிபார்க்கும் செக்கிங் மேசையில் நிற்கிற ஹஃபீஸா திரும்பாமலே கையைப் பின்னால் நீட்டுவாள். ஜாக்கெட் அவள் கைக்கு வந்துவிடும்.

அந்த மிஷினில் உட்காருகிறவள் அமுதவல்லி. காரைக்கால்மேட்டுக்காரி. அவள் புருஷன் மாரிக்கண்ணு போன ஃபைபர் படகு ஐப்பசிக் காற்றில் கவிழ்ந்துபோயிற்று. கூடப் போனவர்கள் கரை சேர்ந்தார்கள். மாரிக்கண்ணு வரவில்லை, உடலும் ஒதுங்கவில்லை. அமுதா கொஞ்ச நாள் வீட்டோடு இருந்துவிட்டு வேலைக்குத் திரும்பிவிட்டாள். பொட்டும் தாலியுமாகத்தான் திரும்பினாள். வீட்டில் இருந்தால் வருகிறவர்கள் எல்லாம் என் முகத்தையே பார்க்கிறார்கள், மிஷின் பார்க்காது என்று காரணம் சொன்னாள்.

ஊரில் பெரியவர்கள் காரியத்தை முடித்துவிடலாம் என்று ஜாடையாகச் சொல்லிப் பார்த்தார்கள், பிறகு நேராகவே சொன்னார்கள். அமுதா ஒத்துக்கொள்ளவில்லை. அவள் சொன்ன பதில் கம்பெனிவரை வந்து சேர்ந்திருந்தது.

“சட்டை போட்டுக்கிட்டுத்தான் போனாங்க. நான் தைச்ச சட்டை. அது ஆளை முங்க விடாது. எங்கயோ கரை ஏறியிருக்காங்க, வருவாங்க.”

யாரால் அதற்கு மேல் பேச முடியும்? அவளுடைய தையலைப் பற்றி அந்தக் கூடத்தில் எவருக்கும் சந்தேகம் இல்லை.

படகு கவிழ்ந்ததும் விசாரணை என்று வந்தது. ஒவ்வொரு ஜாக்கெட்டின் உள் ஓரத்திலும் சின்னத் துணித் துண்டில் இரண்டு எண் அடித்திருக்கும். தைத்தவள் எண் ஒன்று, பார்த்து விட்டவள் எண் ஒன்று. கம்பெனிப் பதிவேட்டைப் பார்த்ததில், மாரிக்கண்ணு போட்டுப் போன ஜாக்கெட்டில் இருந்தவை அமுதாவின் எண்ணும் ஹஃபீஸாவின் எண்ணும். விசாரணை முடிகிறவரை நீங்கள் எண் போட வேண்டாம் என்று சூபர்வைசர் ராஜ்மோகன் தரையைப் பார்த்துக்கொண்டே ஹஃபீஸாவிடம் சொன்னான். செக்கிங் மேசைக்கு ஷிஃபாவை நிறுத்தினான். படித்து முடித்துப் புதிதாகச் சேர்ந்த பெண், நல்ல கூர்மையான கண். அமுதாவை மட்டும் மாற்றவில்லை. மாற்ற மனமும் வரவில்லை, பார்டாக்குக்கு வேறு கையும் இல்லை. அந்தப் படகு கவிழ்ந்த பிறகுதான் ஆர்டர் குவிந்தது. அதுவரை ஜாக்கெட்டைத் தலைக்கு வைத்துப் படுத்தவர்கள் எல்லாம் இப்போது எனக்கு உனக்கு என்று கேட்டார்கள்.

ஹஃபீஸாவுக்குக் கிடைத்தது விசில் மேசை. ஜாக்கெட்டின் மார்பில் ஒரு விசிலைக் கயிற்றில் கட்டி அனுப்ப வேண்டும். தண்ணீரில் விழுந்தவன் ஊதிக் கூப்பிடுவதற்கு. ஒவ்வொன்றையும் ரப்பர் பந்தில் பொருத்தி அமுக்கி, சத்தம் சரியாக வருகிறதா என்று பார்க்க வேண்டும். முதல் விசிலை அமுக்கியபோதே பின்னால் பார்டாக் சத்தம் நின்றது. ஹஃபீஸா திரும்பினாள். அமுதா காலை மிதியிலிருந்து எடுத்துவிட்டு, வாசலைத் தாண்டிக் கடல் இருக்கும் பக்கமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கரை சேர்ந்தவர்கள் சொல்லியிருந்தார்கள். இருட்டில் அலைக்கு அந்தப் பக்கம் மாரிக்கண்ணுவின் விசில் கொஞ்ச நேரம் கேட்டது, அப்புறம் கேட்கவில்லை என்று.

அன்றிலிருந்து ஹஃபீஸா, அமுதா சாப்பிடப் போகும் நேரமாகப் பார்த்து விசில்களை ஊதி முடித்தாள். மற்ற நேரத்தில் கயிறு முடிந்தாள். ஒருநாள் மத்தியானம் கை கழுவும் குழாயடியில் அமுதா மெதுவாகக் கேட்டாள்.

“நீங்க ஊதாதப்பவும் கேக்குதுக்கா. உங்களுக்குக் கேக்கலியா?”

“காத்து அமுதா. கூரைத் தகட்டு ஓட்டையில பூந்து வருது.”

“இருக்கும். ஆனா காத்து மூச்சு வாங்குறதுக்கு நிக்காதுல்ல.”

ஹஃபீஸா குழாயை மூடினாள். உள்ளூர ஒரு துவா ஓதிக்கொண்டு போய்விட்டாள். அவளுக்கு விசில் கேட்கவில்லை. அவளுக்குக் கேட்டது வேறு. விசில் மேசைக்கு வந்த பிறகு ஒரு நாள், எட்டு டர்ர் முடிந்து, பழக்கத்தில் கை தானாகப் பின்னால் போனபோது, ஒரு சின்ன நிறுத்தத்துக்குப் பிறகு இன்னொன்று கேட்டது. டர்ர். திரும்பிப் பார்த்தால் அமுதா ஜாக்கெட்டை ஷிஃபாவின் தட்டில் போட்டுவிட்டு அடுத்ததை எடுத்துக்கொண்டிருந்தாள். மறுபடி கேட்டபோது அது தன் காதின் கோளாறு என்று ஹஃபீஸா நினைத்தாள். நினைக்கக் காரணம் இருந்தது. அந்த ஒன்பதாவது சத்தத்தை அவள் முன்பு ஒரே ஒரு தடவை கேட்டிருக்கிறாள்.

அது மீன்பிடித் தடைக்காலம் முடிகிற சமயம். காரைக்கால்மேட்டு மீனவப் பஞ்சாயத்துக்காரர்கள் தங்கள் படகுகளுக்கு ஜாக்கெட் கேட்டிருந்தார்கள். தைத்துக்கொண்டே வந்த அமுதா ஒரு ஜாக்கெட்டில் மட்டும் எட்டு முடிந்த பிறகு கையை எடுக்காமல், வலது தோள் நாடா துணியை விட்டு மேலே ஏறுகிற இடத்தில் குறுக்காக இன்னொன்று போட்டாள். எண்ணிக்கை தப்பியதும் ஹஃபீஸா திரும்பிக் கேட்டாள், என்ன அது என்று. அமுதா சிரித்தாள்.

“இது எங்க வூட்டுக்குப் போறதுக்கா. இருக்கட்டும், கெட்டியா.”

“ஊருல உள்ளவனுக்கெல்லாம் எட்டு, உன் ஆளுக்கு மட்டும் ஒன்பதா?” என்றாள் ஹஃபீஸா. “கட்டிப் போடுறதுக்கு இது போதுமா, இல்ல ஒரு சங்கிலியும் வச்சுத் தைக்கட்டுமா?”

கூடமே சிரித்தது. ஹஃபீஸா அந்த ஜாக்கெட்டை வாங்கி, பிசிறு வெட்டி, புரட்டிப் பார்த்து, நாடாவை இழுத்துப் பார்த்து, தன் எண்ணை அடித்துக் கொடுத்தாள். ஒரு நூல் குறைந்தாலும் திருப்பி அனுப்புகிறவள் அவள். கூடுதலாக இருந்ததைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்று அவளுக்கு அன்று தோன்றவில்லை.

இப்போது அதே சத்தம். போனவனை நினைத்து நினைத்து, அவன் ஜாக்கெட்டில் விழுந்த தையல் என் காதிலேயே தங்கிவிட்டது என்று ஹஃபீஸா முடிவு செய்தாள். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. தொழுகையில் நிற்கும்போதுகூட ஒரு தடவை கேட்டது.

கார்த்திகை பாதி கழிந்திருக்கும். அமுதா அன்று வேலைக்கு வரவில்லை. ஊரில் பெரியவர்கள் மறுபடி கூப்பிட்டு வைத்துப் பேசுகிறார்களாம். பத்து மணி சுமாருக்குக் காவலாளி வந்து, உங்களைத் தேடி ஒருத்தர் வந்திருக்கிறார் என்று ஹஃபீஸாவைக் கூப்பிட்டார். வாசலில் தமிழ்வேந்தன் நின்றான். மாரிக்கண்ணு போன படகில் கூடப் போனவன், பக்கத்து வீட்டுக்காரன். சைக்கிள் கேரியரில் ஒரு உரச் சாக்கு கட்டியிருந்தது.

நாகூருக்குத் தெற்கே வலை போட்டவர்களுக்கு மாட்டியது என்று தாழ்ந்த குரலில் சொன்னான். அதிகாரிகளிடம் கொடுக்கத்தான் போகிறான், அதற்கு முன்னால் தெரிந்தவர்கள் யாராவது பார்க்க வேண்டும் என்றான். அமுதாவிடம் காட்டப் பயமாக இருக்கிறது.

“நீங்க பார்த்துச் சொல்லுங்க அக்கா. ஊர்ல என்ன பேசிக்கிறாங்க தெரியுமா? கவுந்த படகு மேல நான் ஏறிட்டேன். மாரி கைக்கெட்டுற தூரத்துல கிடந்தான். அவன் தோள் நாடாவத்தான் பிடிச்சேன். இழுத்தேன். அப்புறம் என் கையில நாடா இல்ல. நான் வுட்டேனா, அது வுட்டுச்சான்னு எனக்கே தெரியல. ராவுல கண்ண மூடினா கைய இப்படித் தொறந்து பார்க்குறேன்.”

ஹஃபீஸா சாக்கை வாங்கிக்கொண்டு, வாசலோரம் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து பிரித்தாள். ஆரஞ்சு நிறம் வெளுத்து, உப்பு பூத்துக் கிடந்தது. சிப்பி ஒட்டியிருந்தது. உள் ஓரத்தைப் புரட்டினாள். இரண்டு எண்ணும் அப்படியே இருந்தன. விசில் கட்டின முடிச்சோடு தொங்கியது, வாயில் மணல் அடைத்திருந்தது. எட்டுத் தையலையும் கட்டைவிரலால் தடவிக்கொண்டே போனாள். ஒவ்வொன்றும் பிடித்தது பிடித்தபடி இருந்தது. ஒரு நூல்கூட எழும்பவில்லை.

வலது தோள் நாடா முதுகுப் பக்கம் மட்டும் பிடித்துத் தொங்கியது. முன்பக்கம் தைத்த இடத்தில் நுனி மட்டும் துணியோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அதற்கு மேலே, ஒன்பதாவது தையல் ஓடிய அதே கோட்டில், நாடா நேராகக் கிழிந்திருந்தது. நாள்காட்டித் தாளைக் கிழித்தால் மேலே ஒட்டிக்கொண்டு நிற்கும் பல் பல்லான விளிம்பு மாதிரி. வரிசை வரிசையாக ஊசி போன ஓட்டைகள். துணியும் நாடாவும் சேர்ந்து பாரம் தாங்குகிற இடத்தில் எத்தனை தையல் விழுந்தாலும் நிற்கும். வெறும் நாடாமேல் குறுக்காக விழுந்த அந்த ஒன்று, அதைக் கட்டவில்லை, துளைத்து வைத்திருந்தது.

ஹஃபீஸா அந்த விளிம்பை வெயிலில் பிடித்தாள். ஓட்டைகளின் வழியே வெளிச்சம் வந்தது.

“நீ வுடல தம்பி,” என்றாள்.

தமிழ்வேந்தன் மண்ணில் உட்கார்ந்துவிட்டான். துண்டைத் தேடி எடுத்து முகத்தைப் பொத்திக்கொண்டான்.

அப்போதுதான் ஹஃபீஸாவுக்கு இன்னொன்று உறைத்தது. சாக்கைப் போட்டது போட்டபடி கூடத்துக்குள் நடந்தாள், பாதியில் ஓடினாள். சாயங்காலம் லாரியில் ஏற்றுவதற்காக ரேக்கில் ஜாக்கெட்டுகள் அடுக்கியிருந்தன. எல்லாம் பட்டினத்துப் படகுகளுக்குப் போகிறவை, அவள் விசில் மேசைக்குப் போன பிறகு கிளம்புகிற முதல் லோடு. மேலே இருந்ததை எடுத்து வலது தோளைத் தடவினாள். எட்டு. அதற்கு மேலே, குறுக்கே, ஒன்று. அடுத்ததை எடுத்தாள். அதிலும். அதற்கு அடுத்ததிலும். அவள் காதுக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஷிஃபா பதறிப்போய் வந்தாள்.

“என்ன லாத்தா? கூடுதலாத்தானே இருக்கு. நல்லதுதானேன்னு விட்டுட்டேன்.”

“நானும் அப்படித்தாம்மா விட்டேன்,” என்றாள் ஹஃபீஸா.

ராஜ்மோகனிடம் சாக்கைக் காட்டினாள். அவன் ரேக்கிலிருந்து இரண்டை எடுத்துத் தானும் தடவிப் பார்த்தான். லாரியை நிறுத்தச் சொல்லிப் போன் போட்டான். தமிழ்வேந்தன் ஜாக்கெட்டை எடுத்துப் போய் அதிகாரிகள் படம் எடுத்துக்கொள்ளக் காட்டுவது, அறுந்த நுனியை விசாரணைக்கு வெட்டிக் கொடுப்பது என்று ஆயிற்று. மிச்சத்தைச் சாயந்திரம் கம்பெனிக்கே திருப்பிக் கொண்டுவரும்படி ஹஃபீஸா அவனிடம் கேட்டுக்கொண்டாள். அமுதாவை நாளையிலிருந்து வர வேண்டாம் என்று ஆள் விட்டுச் சொல்லிவிடலாமா என்று ராஜ்மோகன் கேட்டான். காரணம் சொல்ல வேண்டாம், வேலை இல்லை என்று மட்டும் சொன்னால் போதும், பாவம், அவளுக்கு எதற்கு இது என்றான்.

ஹஃபீஸாவும் அதைத்தான் யோசித்தாள். சொல்லாமல் விட்டால் என்ன? அறுந்தது நாடாவின் குறை, எங்கேயோ மில்லில் நடந்த தப்பு என்று ஒரு வார்த்தை போதும். சொன்னால், தையல்மீது வைத்த நம்பிக்கையில் இதுவரை உயிரோடு கரையேறிக்கொண்டிருக்கும் மாரிக்கண்ணு அந்த இடத்திலேயே மவுத்தாகிவிடுவான். அவனை முக்கியது யார் கை என்பதும் தெரிந்துவிடும். ஆனால் இந்தக் கை வேறு எங்கேயாவது போய் உட்காரும். வலைக்குக் கயிறு பின்னும், பாய்க்கு நாடா வைக்கும். யாரையாவது காப்பாற்ற வேண்டும் என்று தோன்றும்போதெல்லாம் இன்னொன்று போடும்.

“நான் சொல்லிக்கிறேங்க,” என்றாள்.

மறுநாள் காலையில் அமுதா வந்து மிஷினின் உறையை எடுக்கப் போனாள். ஹஃபீஸா அவளைக் கூப்பிட்டு, மூலையில் இருந்த இழுவை மிஷினுக்கு அழைத்துப் போனாள். மேலே ஒரு பிடி, கீழே ஒரு பிடி, நடுவில் நாடாவைக் கொடுத்துச் சக்கரத்தைச் சுற்றினால் எத்தனை பாரத்துக்குத் தாங்குகிறது என்று முள் காட்டும். வழக்கமாகத் தனியாகத் தைத்த மாதிரித் துண்டுகளைத்தான் அதில் இழுப்பார்கள். தைத்து முடித்த ஜாக்கெட்டை யாரும் இழுத்துப் பார்ப்பதில்லை.

“சாம்பிளாக்கா?”

“ஆமா. நீயே சுத்து.”

முதல் துண்டில் இரண்டே தையல். அமுதா சக்கரத்தைச் சுற்றினாள். நாடா விறைத்தது, முனகியது. முள் சிவப்புக் கோட்டைத் தாண்டியும் ஒன்றும் ஆகவில்லை. ஹஃபீஸா இரண்டாவது துண்டைக் கொடுத்தாள். அமுதா அதைப் பொருத்தும்போதே விரல்கள் நின்றன.

“இது நான் தைச்சதுல்ல? ரேக்குல உள்ளத வெட்டிட்டீங்களா?”

“சுத்து அமுதா.”

சுற்றினாள். முள் கோட்டுக்குப் பாதி தூரம்கூடப் போகவில்லை. நாடா நேராக, சத்தமே பெரிதாக இல்லாமல், கிழிந்து வந்தது. அமுதா துண்டை எடுத்துக் கண்ணருகே பிடித்துப் பார்த்தாள். இன்னொன்று வாங்கிப் பொருத்தினாள். அதுவும் அதே கோட்டில் போயிற்று. நாலாவதற்குக் கையை நீட்டியபோது ஹஃபீஸா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மிஷின்கள் ஒன்றிரண்டு ஓட ஆரம்பித்திருந்தன. யாரும் இந்தப் பக்கம் பார்க்காத மாதிரி வேலை செய்துகொண்டிருந்தார்கள்.

“நேத்து தமிழ்வேந்தன் அண்ணன் சாக்கு மூட்டையோட சைக்கிள்ல போனாங்கன்னு சொன்னாங்க,” என்றாள் அமுதா. “வலைன்னு நினைச்சேன்.”

“வலை இல்ல.”

“வந்துடுச்சா?”

“வந்துடுச்சும்மா.”

“எட்டும்?”

“எட்டும் அப்படியே இருக்கு. ஒரு நூல் போகல.”

அமுதா கிழிந்த விளிம்பை விரலால் தடவிக்கொண்டிருந்தாள், திரும்பத் திரும்ப ஒரே பக்கமாக.

“நான் போட்டது,” என்றாள்.

“நான் பார்த்து விட்டது.”

“சிரிச்சீங்க அக்கா அன்னைக்கு.”

“சிரிச்சேன்.”

“நானும்தான் சிரிச்சேன்.” கொஞ்சம் பொறுத்து, “கெட்டியா இருக்கட்டும்னு போட்டேன்க்கா,” என்றாள், ஹஃபீஸா அதை நம்பாமல் போய்விடுவாளோ என்பதுபோல.

ஹஃபீஸா அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொள்ளப் பார்த்தாள். அமுதா சாயவில்லை. அழவும் இல்லை. ஜாக்கெட் எங்கே என்று கேட்டாள். அலமாரியிலிருந்து சாக்கை எடுத்துக் கொடுத்ததும் அதைப் பிரிக்காமலே மடியில் வைத்துக்கொண்டு, வெளியே தெரிந்த விசில் கயிற்றைச் சுற்றி உள்ளே தள்ளினாள்.

“இத நான் எடுத்துட்டுப் போறேன். ஆளு இல்லாத காரியத்துக்கு ஏதாவது ஒண்ணு வேணும்ல.”

அவள் நேராக வீட்டுக்குப் போகவில்லை என்று பிற்பாடு தெரிந்தது. காரைக்கால்மேட்டில் மீன் ஏலம் முடிகிற நேரம். கரையில் ஆள் நிறைந்திருந்தார்கள். வலைக்குப் பக்கத்தில் குந்தியிருந்த தமிழ்வேந்தன் முன்னால் போய் நின்று, அத்தனை பேர் காதிலும் விழும்படி சொன்னாளாம், நீங்கள் விடவில்லை அண்ணே, நாடா அறுந்தது, என் தையலில் அறுந்தது, இனி யாரும் உங்களைப் பேசக் கூடாது என்று. அதற்குப் பிறகுதான் ஊர்ப் பெரியவரிடம் போய், காரியத்துக்கு நாள் பாருங்கள் என்றாள். கடல் பார்த்த இடத்தில், மாரிக்கண்ணு படுக்க வேண்டிய இடத்தில், வெளுத்த அந்தச் சட்டையை வேட்டி விரித்துப் படுக்க வைத்தார்கள். விசிலை மட்டும் யாரோ கழற்றப் போனபோது அமுதா தடுத்துவிட்டாள். அதுவும் சட்டையோடு போயிற்று.

ரேக்கில் இருந்த ஜாக்கெட்டுகளைப் பிரித்துத் திருத்த முடியாது. தையலைப் பிரித்தாலும் ஓட்டை ஓட்டைதான். எல்லாவற்றின் வலது நாடாவையும் வெட்டி எறிந்துவிட்டுப் புது நாடா வைத்தார்கள். எட்டுக்கு ஒன்று குறைந்தாலும் கூடினாலும் திருப்பி அனுப்ப வேண்டும் என்று ராஜ்மோகன் செக்கிங் மேசைமேல் எழுதி ஒட்டினான். விசாரணைக்கு வந்தவர்கள் கேட்டதையெல்லாம் ஹஃபீஸா மறைக்காமல் சொன்னாள், சிரித்ததையும் சேர்த்து. அவர்கள் கண்டித்ததோடு விட்டார்கள். அவள் மறுபடி சன்னலைப் பார்த்து நிற்கத் தொடங்கினாள். பார்டாக்குக்கு விழிதியூரிலிருந்து ஒரு பெண் வந்து சேர்ந்தாள், விஷ்ணுப்ரியா என்று. நிதானமான கை.

அமுதா திரும்பி வருவாள் என்று யாரும் நினைக்கவில்லை. தை பிறந்த பிறகு ஒரு நாள் காலையில் வெறும் நெற்றியோடு வந்து நின்றாள். தைக்கிற வேலை வேண்டாம், விசில் மேசையைக் கொடுங்கள் என்று ராஜ்மோகனிடம் கேட்டாள். அவன் ஹஃபீஸாவைப் பார்த்தான். உன்னால் முடியுமா என்று ஹஃபீஸா கேட்டதற்கு அமுதா சொன்னாள்:

“ஊதுனது எவ்வளவு தூரம் கேட்டுச்சுன்னு எனக்குத்தானே தெரியும்.”

அவள் ரப்பர் பந்தை வைத்துக்கொள்ளவில்லை. ஒவ்வொரு விசிலையும் வாயில் வைத்து ஊதிப் பார்த்து, வெந்நீரில் அலசித் துடைத்து, கயிறு முடிந்தாள். சத்தம் கொஞ்சம் கம்மினாலும் கூடையில் போட்டுவிடுவாள். சப்ளை செய்கிறவன் வந்து, இப்படிக் கழித்தால் நான் எங்கே போவது என்று புலம்பினான். நீங்க ஒரு தடவை ராவுல கடலுக்குப் போய்ட்டு வாங்க, அப்புறம் பேசுவோம் என்றாள். அதோடு அவன் பேசுவதில்லை.

ஒரு பக்கம் விசில், ஒரு பக்கம் டர்ர். ஹஃபீஸாவின் கை பின்னால் நீளும், ஜாக்கெட் வரும். ஆனால் எட்டு முடிந்ததும் அவள் உடனே கையை நீட்டுவதில்லை. அந்தச் சின்ன நிறுத்தத்தில் நின்று காத்திருக்கிறாள். சில நேரம் ஒன்றும் இல்லை. சில நேரம் கேட்கிறது. திரும்பிப் பார்ப்பாள். விஷ்ணுப்ரியாவின் கால் தரையில் இருக்கும், கையில் ஜாக்கெட்டை நீட்டிக்கொண்டு அவள் இவளைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஹஃபீஸா வாங்கி வலது தோளைத் தடவுவாள். எட்டுதான். மறுபடியும் தடவுவாள். எண் போடும் அச்சைக் கையில் எடுத்துவிட்டு, வைத்துவிட்டு, இன்னொரு தடவை.

போன வாரம் நடுப்பகலில் மின்சாரம் போயிற்று. அத்தனை மிஷினும் ஒரே மூச்சில் அடங்கின. விசிறிகள் சுற்றி ஓய்ந்தன. அமுதா அப்போதுதான் ஒரு விசிலை அலசிக் கவிழ்த்திருந்தாள், அவள் வாயில் எதுவும் இல்லை. விஷ்ணுப்ரியா சோம்பல் முறித்துக்கொண்டு எழுந்து தண்ணீர் குடிக்கப் போயிருந்தாள். வெளியே காற்றுகூட இல்லை. அந்த அமைதியில் ஹஃபீஸா சட்டென்று பின்னால் திரும்பினாள். அதே நேரம் அமுதாவின் தலை கடல் பக்கமாக நிமிர்ந்தது.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். உனக்கு எது கேட்டது என்று அவளும் கேட்கவில்லை, இவளும் கேட்கவில்லை. ஜெனரேட்டர் உறுமிக்கொண்டு கிளம்பியது. அமுதா அடுத்த விசிலை எடுத்து வாயில் வைத்தாள்.